பூட்டிய அலமாரியும் புதிய பட்டதாரியும்

"மாணவர் படிப்பதில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கின்றனர்" என்று மேடைதோறும் புலம்புவோர் பெருகிவிட்டனர். குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவன் மாணவன்தானா? நூலை அவனுக்கு எட்டாக் கனியாக்கிய ஏற்பாட்டுக்குப் பொறுப்பாளர் யார்? கேட்கிறோம் நாம்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்திலோ 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம்! ஏர் பிடித்தோர், கல் உடைத்தோர், பிழைப்புத் தேடிப் பெங்களூர் சென்றோர் பெற்ற பிள்ளைகள், பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருகின்றனர். வீட்டிலே நூலைக் கண்டறியாத அவர்களில் பலருக்குக் கல்லூரி நூலகமே முதல் நூலகம்.

நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931 இல் நூலாக்கித் தந்தார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன். நூல் பயன்பாட்டுக்கு உரியது என்பது முதல் விதி. இடைக்கால ஐரோப்பாவிலே நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். இன்று சங்கிலி இல்லை, பூட்டு இருக்கிறது! வகுப்பு நடக்கும்போது திறந்திருந்து, வகுப்பு முடிந்ததும் மூடப்படும் நூலகத்தில் மாணவன் எப்போது படிப்பான்? கண்ணாடிக்குள் சிறையிருக்கும் நூலை எப்படிப் புரட்டிப் பார்ப்பான்?

பூட்டைத் திறந்தால் போதுமா? போதாது. தேர்வுக் கையேட்டை மனப்பாடம் செய்தவனுக்கே மதிப்பெண் என்றால், மூலநூலைத் தேடுவோன் ஏமாளி ஆகிறான். வாசிப்பின் வேர் வினாத்தாளிலேயே அறுபடுகிறது.

"வேலை கிடைத்தால் போதாதா? வீட்டு வறுமை தெரியாதா?" என்பர். வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், சாதி கடந்த திருமணத்தைக் காரணம் காட்டித் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகள் மூன்றினைக் கொளுத்தினரே, அந்தத் தீயை அணைக்கும் நீர் பட்டச் சான்றிதழிலா இருக்கிறது? சாதியை ஏன் என்று கேட்கும் அறிவிலே இருக்கிறது. அம்பேத்கர் 1936 இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலைத் தமிழாக்கி வெளியிட்டது பெரியாரின் குடிஅரசுப் பதிப்பகம். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் இதழைப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்து கேட்டனர், கேட்டபின் வாதிட்டனர். பாடத்திட்டமா அவர்களைப் படிக்கச் சொன்னது?

எனவே நாம் கேட்பவை மூன்று. நூலகம் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கட்டும். அலமாரிகள் மாணவர் கைக்கு எட்டட்டும். பருவந்தோறும் பாடத்திற்கு வெளியே ஒரு நூலைப் படித்து, அதன் ஆசிரியரை மறுத்தோ ஏற்றோ காரணத்தோடு எழுதுவோர்க்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கிடைக்கட்டும்.

இளைஞர்காள்! அவை வரும்வரை காத்திராதீர். விடுதி அறையில், பேருந்து நிலையத்தில், ஊர்த் திண்ணையில் பத்துப்பேர் கூடுங்கள். ஒருவர் படிக்கட்டும், ஒன்பதின்மர் வினவட்டும். நம் இயக்கத்தின் படிப்பகங்கள் அப்படித்தான் பிறந்தன!