பாட்டி வைத்தியத்தில் பாட்டி எங்கே?

தமிழில் அதிகம் வாசிக்கப்படும் உரைநடை வடிவம் எது என்று கேட்டால் சிறுகதை, நாவல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். "குறிப்பு"தான். "தினமும் காலையில் வெறும் வயிற்றில்..." என்று ஆரம்பித்து "...குணமாகும்" என்று முடியும் இரண்டு வரிச் சமாச்சாரம். வார இதழ்களின் பக்கத்து ஓரங்களில் துணுக்காக இருந்தது, காலண்டர் தாளின் பின்பக்கம் போனது, இப்போது குடும்ப வாட்ஸப் குழுக்களில் காலை வணக்கத்தோடு வருகிறது. இவ்வளவு பேர் படிக்கிற ஒரு வடிவத்தை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவர்கள் "மூடநம்பிக்கை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், மற்றவர்கள் "நம் முன்னோர் முட்டாள்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கட்சியுமே குறிப்பை ஒழுங்காக வாசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

நான் கொஞ்ச காலமாக இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். பொய், மெய் என்று பிரிப்பதற்காக அல்ல. எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதற்காக. அளவு இருக்காது. இருந்தாலும் "சிறிதளவு", "ஒரு சிட்டிகை". யாருக்கு என்பது இருக்காது. ஆறு மாதக் குழந்தைக்கும் எழுபது வயது சர்க்கரை நோயாளிக்கும் ஒரே வரி. எப்போது நிறுத்த வேண்டும் என்பது நிச்சயம் இருக்காது. ஆதாரம் என்று கேட்டால் "எங்க வீட்ல செஞ்சோம், சரியாப் போச்சு". எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்கு ஈடான வசனம் ஒன்று உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" அதைச் சொன்னவரை யாரும் அன்று வீட்டுக்கு விட மாட்டார்கள்.

மஞ்சள் பாலை எடுத்துக்கொள்வோம். "பாலில் மஞ்சள்தூளுடன் மிளகும் சேர்த்தால் மஞ்சளின் சத்து 2000 சதவீதம் அதிகமாக உடலில் சேரும்" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. சும்மா சொல்லக்கூடாது, இந்த எண் கற்பனை இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருளை 2 கிராம் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை. கூடவே மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது அது 20 மடங்கு கூடியது. சரி. இப்போது டம்ளருக்கு வருவோம். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். அரை டீஸ்பூன் தூள் ஒன்றரை கிராம் என்றால் அதில் 45 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 2 கிராம் வேண்டுமானால் 44 டம்ளர் மஞ்சள் பால் குடிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் மிளகுக் கணக்கு சரியாக வருகிறது: மிளகில் பைப்பரின் 5 சதவீதம் என்று வைத்தால் 20 மில்லிகிராமுக்கு அரை கிராம் மிளகுகூட வேண்டாம். ஆக, துணைக்குப் போட்டது அளவாக இருக்கிறது, பிரதானம்தான் காணோம். அதோடு, மிளகு இந்த வேலையைச் செய்வது உடல் அந்நியப் பொருட்களை வெளியேற்றும் வழியை மந்தப்படுத்தித்தான். அது மஞ்சளோடு நிற்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் மாத்திரையின் அளவும் பைப்பரினால் ரத்தத்தில் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். "மாத்திரை சாப்பிடுபவர்கள் மிளகுக் கஷாயத்தைத் தினசரி வழக்கமாக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்" என்று எந்தக் குறிப்பிலாவது பார்த்திருக்கிறீர்களா?

மஞ்சள் பால் குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இதமாக இருக்கிறது, குடியுங்கள். சதவீதக் கணக்கை மட்டும் டம்ளருக்குள் கலக்காதீர்கள்.

முருங்கைக் கீரைக்கும் இதே கதை. "பாலைவிட 17 மடங்கு கால்சியம்" என்ற வாசகம் பொடி பாக்கெட்டின் மேலேயே அச்சாகி வருகிறது. அது 100 கிராம் காய்ந்த பொடியை 100 கிராம் பாலோடு ஒப்பிட்ட கணக்கு. பாலில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த பொடியில் தண்ணீரே இல்லை. யார் 100 கிராம் பொடியைச் சாப்பிடப் போகிறார்கள்? ஒரு டீஸ்பூன் பொடி மூன்று கிராம் இருக்கும். அதில் கால்சியம் 60 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240. ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் பச்சை முருங்கைக் கீரைக்கு 100 கிராமுக்கு 314 மில்லிகிராம் போட்டிருக்கிறது. ஆளுக்கு 50 கிராம் கீரை ஆய்ந்து பொரியல் செய்தால் 150-க்கு மேல் போய்விடுகிறது, அதாவது இரண்டரை ஸ்பூன் பொடி. மரத்தில் ஏறிப் பறித்த கீரை, ஆய உட்காரும் நேரம், தேங்காய்ப்பூ, இத்தனையையும் ஒரு ஸ்பூனாகச் சுருக்கியவர்கள் கணக்கில் தோற்றிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் குரூர சந்தோஷம்.

இதுவரை சொன்னவை காசு நஷ்டம். சுரைக்காய் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். படிக்காதவர் இல்லை, புதிதாக ஆரம்பித்தவரும் இல்லை. சர்க்கரை நோய்க்காக வழக்கமாகக் குடித்துவந்தவர். அன்றைய சாறு வழக்கத்தைவிடக் கசந்திருக்கிறது. கூடக் குடித்த மனைவி சிகிச்சையில் பிழைத்தார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்து, இதேபோன்ற பாதிப்புகளை ஆராய்ந்தது. சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கு எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்து தப்பிக்க குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சைத் தயாரிக்கும். நாம் சாப்பிடும் ரகங்களில் அது மிகக் குறைவு. வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு என்று செடி அவதிப்பட்டாலோ காய் முற்றிப்போனாலோ கூடிவிடலாம். குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். முறிவு மருந்து கிடையாது.

குழு சொன்ன ஆலோசனை என்ன? சாறு எடுக்கும் முன் காயில் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் தூக்கி எறியுங்கள். வேறு சாறுகளோடு கலக்காதீர்கள். குடித்து உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். சுரைக்காயோ பீர்க்கங்காயோ நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டு, முகம் சுளித்தால் "கசக்குது, தூக்கிப் போடு" என்பது நம் சமையற்கட்டுகளில் கூட்டு வைக்கும் முன் நடக்கிற காரியம். வெள்ளரிக்காயின் காம்பை வெட்டித் தேய்ப்பதும் கசப்பைப் பற்றிய கவலைதான். அந்தப் பெண்களுக்கு குக்குர்பிட்டாசின் என்ற பெயர் தெரியாது, சோதனை தெரியும். குறிப்பு எழுதியவர் அவர்களிடமிருந்து காயை எடுத்துக்கொண்டார், நாக்கை விட்டுவிட்டார். அதற்குமேல் "கசப்புதான் மருந்து" என்று வேறு சொல்லிக்கொடுத்தார். கூட்டில் கசந்தால் துப்புகிறவன், டம்ளரில் கசந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குடிக்கிறான். பாகற்காயோடு கலந்துவிட்டால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கும் தெரியாது. காய் பழையதுதான், ஆனால் இந்த வடிவத்தில் உட்கொள்வது புதுசு. மிக்ஸி வந்த பிறகு உண்டான "பாரம்பரியம்" எத்தனை என்று ஒருநாள் தனியாக எழுத வேண்டும்.

தேனும் அப்படித்தான். இருமலுக்குத் தேன் என்பது நல்ல குறிப்பு. குழந்தைகளின் இருமலில் ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகளே இருக்கின்றன. 2019-ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்த வாக்கியங்களில் எல்லாம் ஒரு நிபந்தனை கூடவே வரும்: ஒரு வயதுக்கு மேல். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்க மந்தம், அழுகை மெலிந்து போவது, தலை நிற்காமல் துவள்வது, கடைசியில் மூச்சு. 1976-ல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். அபூர்வமான நோய் என்பது உண்மை. ஆனால் நம் பக்கம் பிறந்த அன்றே நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் "சேனை" வழக்கம் இருக்கிறது. இதைக் குறிப்பாகப் போடுகிறவர்கள் குடும்பத்தில் யாருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பதுவரை எழுதுகிறார்கள். இந்த ஒரு வரியை எழுதுவதில்லை. அந்த முதல் மணி நேரத்தில் குழந்தைக்குப் போக வேண்டிய சீம்பால் தள்ளிப்போவது தனி நஷ்டம்.

அழகுக் குறிப்புகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. "முகக் கருமை நீங்க எலுமிச்சைச் சாறு தடவுங்கள்." இதில் பல ஆங்கிலப் பத்திரிகைக் குறிப்புகளின் தமிழாக்கம். அவர்கள் சொல்லும் லெமன் என்பது மஞ்சளாக, நுனியில் காம்பு மாதிரி நீண்ட பெரிய பழம். நாம் கடையில் வாங்கும் சின்ன எலுமிச்சை உண்மையில் அவர்கள் லைம் என்று அழைக்கும் இனம். வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் ஃபியூரோகூமரின் என்ற பொருள் லெமனைவிட இதில்தான் அதிகம். தடவிவிட்டு வெயிலில் போனால், ஓரிரு நாளில் சிவந்து, கொப்புளித்து, வாரக்கணக்கில் போகாத கரும்படை. கருமை நீங்கச் சொன்ன குறிப்பு கருமையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு பழம் மாறியதற்கு இவ்வளவு தண்டனை.

இவ்வளவும் சொன்னதும் "அப்போ சித்த மருத்துவமே தப்பா?" என்று ஒருவர் கிளம்புவார். நான் சொல்வது நேர் எதிர். சித்த மருத்துவத்தில் மருந்தோடு அனுபானம் உண்டு, பத்தியம் உண்டு, சரக்கைச் சுத்தி செய்யும் முறை உண்டு. சுக்கென்றால் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயென்றால் கொட்டையை நீக்க வேண்டும் என்பது நாட்டு மருந்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அந்த முறைகளெல்லாம் இன்றைய சோதனையில் தேறுமா என்பது வேறு கேள்வி. நிபந்தனை இல்லாமல் மருந்து இல்லை என்ற புத்தி அங்கே இருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்துக் குறளிலும் தேடிப் பாருங்கள், ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் இவற்றைப் பார்க்கச் சொல்கிறது. உண்டது செரித்த பிறகு அளவாக உண்ணச் சொல்கிறது. வள்ளுவரைக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் எந்தப் பத்திரிகையும் பரிசு கொடுத்திருக்காது.

குறிப்பு என்ற வடிவத்தாலேயே இது முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். முடிந்திருக்கிறது, பங்களாதேஷில். 1980-லிருந்து பத்து வருடம் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய் தாய்மார்களுக்கு வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள். அவர்களும் சிட்டிகைதான் சொன்னார்கள், ஆனால் மூன்று விரலால், முதல் ரேகை வரை எடுத்த உப்பு. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். அந்த அளவு எதுவரை வரும் என்று அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளம் போட்டுக்கொடுத்தார்கள். நினைவில் வைக்கப் பத்துச் செய்திகள். பெண்கள் கலக்கிய தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள், ஏனென்றால் உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளில் அந்தத் தாயிடம் பத்துச் செய்திகளையும் கேட்டு, கலக்கிக் காட்டச் சொல்வார். அவருக்கு எத்தனை நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பணியாளருக்குச் சம்பளம்.