உயிருடன் இருந்தவர்க்கு ஒரு கையறுநிலை

மாண்டோரைக் குறித்து இரங்கிப் பாடுவது கையறுநிலை. ஆங்கிலேய றொக் இசைக்குழுவாகிய பிங்க் புளொயிட் 1975 இல் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்னும் இசைத்தட்டோ, உயிருடன் இருந்த ஒருவரின் பிரிவுக்கு இரங்குகின்றது. குழுவின் முதன்மைப் பாடலாசிரியராய் விளங்கிய சிட் பரட் மனநிலை குலைந்து, 1968 இல் குழுவை நீங்கினார்.

அவரைக் குறித்த நெடும்பாடல் ஒன்பது பகுதிகளை உடையது. எட்டு நிமிடங்களுக்கு மேலாகக் குரல் எழுவதில்லை. கில்மோரின் கிதாரில் நான்கு சுரங்களே மீண்டும் மீண்டும் ஒலித்து, சொல்லுக்கு முன்னரே துயரை நிறுவிவிடுகின்றன. இப்பாடலை இரண்டாகப் பிளந்து தட்டின் முதலிலும் ஈற்றிலும் வைத்தல் கில்மோருக்கு உடன்பாடன்று. வோட்டர்சின் கருத்தே வென்றது. வென்றதும் நன்றே, அப்பிளவினாற் பிரிவு பாடலின் அமைப்பிலேயே புகுந்துவிட்டது. இடையில் இசைவணிகரைச் சாடும் பாடல்களுக்குச் சினம் உண்டு, இவ்வாழம் இல்லை.

ஒலிப்பதிவு நிகழ்ந்த இலண்டன் அபே றோட் கூடத்துக்கு 1975 யூனிற் பரட் தாமே வந்தார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்த அவரை நண்பர்கள் முதலில் அறிந்திலர்.