பத்தாவது இடத்துக்கு ஒரு விசில்!

அறிஞர் அண்ணா பிறந்த நாளை ஒட்டி மாவட்டந்தோறும் நடக்கிற நெடுந்தூர ஓட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? பார்க்கலைன்னா அப்படி என்னங்க வேலை உங்களுக்கு! பனவடலிசத்திரத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி, சங்கரன்கோவிலில் மாறி, தென்காசி மாவட்டப் போட்டியைப் பார்த்துட்டு வந்தவன் சொல்றேன். ஓடினது நானில்லை. கத்தினது மட்டும்தான் நான். தொண்டை இன்னும் சரியாகலை.

கொடி அசைக்கிறதுக்கு முன்னாடியே கொண்டாட்டம் தொடங்கிடுது. பதிவு மேஜையில் வயதுச் சான்று கேட்கிறாங்க, பாஸ்புக் நகல் கேட்கிறாங்க. பரிசுப் பணம் நேரா வங்கிக் கணக்குக்குப் போறதால பாஸ்புக் இல்லாம நடக்காது. நகல் எடுக்க மறந்த ஒரு பையன், பூட்டின ஜெராக்ஸ் கடைக்காரரைக் கதவைத் தட்டி எழுப்பி, சூடு ஆறாத தாளோட திரும்பி ஓடி வந்தான் பாருங்க, அன்னைக்கு நான் விசில் அடிச்ச முதல் ஓட்டம் அதுதான்!

வயசு விஷயத்தில் ரொம்பக் கறார். 17 முதல் 25 வரை ஒரு பிரிவு: ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. அதுக்கு மேல எல்லாரும் ஒரே பிரிவு: ஆண்களுக்கு 10, பெண்களுக்கு அதே 5. இருபத்தாறு வயசுக்காரனும் நரைச்ச மீசையும் ஒரே கோட்டில் நிக்கிறது நியாயமான்னு கேட்பீங்க. கொஞ்சம் இடிக்கத்தான் செய்யுது, விடுங்க! மூத்தோர் தடகளத்தில் இதுக்கு அருமையான வழி வச்சிருக்காங்க. 35 வயசு நிறைஞ்சா உள்ளே வரலாம், அஞ்சு அஞ்சு வருஷத்துக்கு ஒரு பிரிவு. 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் போட்டி நம்ம சென்னையிலேயே நடந்தது. நினைச்சுப் பாருங்க, அங்கே அறுபது பிறந்தா அழ வேண்டாம், புதுப் பிரிவில் நீங்கதான் இளவட்டம்! ஆனா சான்று முக்கியம் சாமி. 2011-இல் டொராண்டோவில் நூறு வயசில் முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிச்ச ஃபௌஜா சிங்கையே, பிறப்புச் சான்றிதழ் இல்லைன்னு கின்னஸ் புத்தகத்தில் சேர்க்கலையே! அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

சரி, முடிவுக் கோட்டுக்கு வாங்க. முதல் பரிசு 5,000, அடுத்தது 3,000, மூணாவது 2,000. இதெல்லாம் எங்கேயும் உள்ளதுதான். நாலாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் தலா ஆயிரம் ரூபாய் இருக்கு பாருங்க, அங்கதான் இருக்கு சங்கதி! கற்பனை பண்ணுங்க: ஒன்பது பேர் வந்தாச்சு, தண்ணி குடிச்சாச்சு, கூட்டம் கலையப் பார்க்குது, அப்போ வளைவில் ரெண்டு தலை தெரியுது, ஒண்ணு புது ஷூ போட்ட வாலிபன், இன்னொண்ணு வெறுங்காலோட ஒரு பெரியவர், சட்டை முதுகோட ஒட்டிக் கிடக்கு, நெஞ்சில் ஊக்கு கழண்ட நம்பர் அட்டை படபடன்னு அடிக்குது, தார் ரோட்டில் அந்தப் பாதம் பதியுற சத்தம் பட் பட்னு எனக்குக் கேட்குது, நான் என்னையறியாம “விட்ராதீக அண்ணாச்சி, விட்ராதீக!”ன்னு கத்திக்கிட்டே ரோட்டோரமா கூடவே ஓடுறேன், ஒரு செருப்பு எங்கேயோ போயிடுச்சு, போகட்டும், கடைசிப் பத்தடியில் அவர் தோளை முன்னால தள்ளினார் பாருங்க, பத்தாவது! பக்கத்தில் நின்னவரைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சேன். அவர் மெல்ல விலகி, “உங்க அண்ணனா?”ன்னு கேட்டார்.

ஆமான்னுட்டேன்!