ஒரு மாத அண்ணன்கள், ஒரு மாத அக்காக்கள்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் கே.ஜி.கண்டிகை வருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர வீட்டுப் பேச்சு நகரவில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆசிரியை தமிழில் ஒருமுறை சொல்வார், விழிக்கிற பிள்ளையிடம் தெலுங்கில் ஒருமுறை சொல்வார், மறுபடி தமிழுக்கு வருவார். எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் மொழியை மாற்றவேண்டும் என்பது ஜூன் மாதத்தில் அவருக்குத் தெரியாது. தீபாவளிக்குள் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் நம் நாட்டுக் குழந்தைகள் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறையில் தொண்டு செய்ய வருகிறார்களே, அது பிள்ளைகளுக்கு நல்லதா? இந்தக் கேள்வியை அந்த வகுப்பறையில் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். வருகிறவருக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது வயதில் வேறொரு மண்ணில் ஏழ்மையை நேரில் பார்த்தவர் பிற்காலத்தில் நல்ல மருத்துவராகலாம், நல்ல ஆசிரியராகலாம். அவர் மனம் உண்மையாகவே இளகுகிறது, அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் எடைபோட வேண்டியது அவருடைய ஆதாயத்தை அல்ல.

தொண்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உடனே வரலாற்றைக் காட்டுவார்கள். காட்டட்டும், வலுவான வரலாறுதான். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார், 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார், 1951இல் அங்கேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தமிழ் கற்றார், பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டார்கள். மதமாற்றம் குறித்து அவரோடு கணக்குத் தீர்க்க விரும்புகிறவர்கள் தீர்க்கலாம். ஆனால் அவரிடம் வளர்ந்த குழந்தை காலையில் எழுந்தபோது நேற்றிருந்தவரே இன்றும் இருந்தார். இன்றைய விடுமுறைத் தொண்டுக்கு இந்த வரலாற்றில் பங்கு கேட்கும் உரிமை கிடையாது. இந்திய அரசின் இணையவழிச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கு அனுமதி அதிகபட்சம் ஒரு மாதம்தான். ஐம்பது ஆண்டுக்கும் ஒரு மாதத்துக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

இல்லத்தையும் பள்ளியையும் தனித்தனியாகப் பார்க்காததால்தான் இந்த விவாதம் குழம்புகிறது. முதலில் இல்லம்.

தாயிடமிருந்து பிரிந்த சிறு குழந்தைக்கு நிலையான ஒருவரின் அணைப்பு உணவைப்போல அவசியம் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கை சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் அதன் சில பகுதிகளைத் திருத்தின, அடிப்படையை அசைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு ஓர் இல்லத்தின் வாசலைப் பாருங்கள். வேன் வந்து நிற்கிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று, போன குழுவுக்குப் பாடிய அதே வரவேற்புப் பாட்டைப் பாடுகிறார்கள். சாக்லேட் பொட்டலம் பிரிகிறது. பத்து நிமிடத்தில் ஒரு நான்கு வயதுப் பெண், பெயர்கூடத் தெரியாத அக்காவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். வந்தவர் இதை அன்பு என்று எழுதிவைக்கிறார். வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை அறிமுகமில்லாதவரைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் ஒளியும். இவள் ஒளியவில்லை என்பதுதான் நம்மைக் கவலைப்படுத்த வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்த அக்கா கண்ணீரோடு கையசைப்பாள். அடுத்த மாதம் இன்னொரு வேன் வரும். தென்னாப்பிரிக்காவில் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, பாசம் ஒட்டுவதும் அறுவதுமான இந்தத் தொடரைத்தான் ஆபத்து என்றது.

அடுத்தது, அனாதை என்ற சொல்லே பெரும்பாலும் பொருந்துவதில்லை. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ரன் அமைப்பு 2009இல் சொன்னது. வறுமையும் படிக்கவைக்கும் ஆசையும்தான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. கம்போடியாவில் 2005இல் 154ஆக இருந்த இல்லங்கள் 2010இல் 269 ஆயின. சுற்றுலாப் பயணிகளும் தொண்டர்களும் கொண்டுவரும் பணம் இதற்கு ஒரு காரணம் என்று யுனிசெஃப் சுட்டியது. வருகிறவர்கள் இருந்தால் பிள்ளைகளும் இருந்தாக வேண்டும். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்த வகைத் தொண்டின் தீங்கைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது.

இதெல்லாம் கம்போடியக் கதை என்று தள்ளிவிட முடியாது. மாமல்லபுரத்தில் ஓர் இல்லத்தில் குழந்தைகள் சுரண்டப்பட்டதாக 2007இல் வந்த பத்திரிகைக் கட்டுரைதான் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கானது. தமிழ்நாட்டின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அந்த வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் பதிவுசெய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும் என்றது. இல்லம் கடைசி வழியாக மட்டுமே இருக்கலாம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

எனவே இல்லத்தைப் பொறுத்தவரை என் முடிவில் தயக்கமில்லை: குறுகிய காலத் தொண்டர்கள் உள்ளே போகக் கூடாது. பயிற்சி கொடுத்தாலும், நல்லவர்களே வந்தாலும் கூடாது.

பள்ளிக்கு அதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் புதிய முகம் காயமல்ல. சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968இல், மெக்சிகோவில் கோடைத் தொண்டு செய்யவிருந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே, உதவி செய்ய வராதீர்கள், பார்க்கவும் கற்கவும் வேண்டுமானால் வாருங்கள் என்ற பொருளில் பேசினார். மொழி தெரியாதவர் எப்படி உதவுவார் என்ற அவர் கேள்வி கே.ஜி.கண்டிகை வகுப்பறையில் இரட்டிப்பாகக் கனக்கிறது, இங்கே தெரியவேண்டிய மொழிகள் இரண்டு. ஆனாலும் உதவிக்கு அவர் கதவை முழுக்கச் சாத்தியதை நான் ஏற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, தயங்காமல் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்க்க ஓர் ஆள் கிடைப்பது பயன்தான். அரசுப் பள்ளியில் கற்பிக்க நம்மவர் பட்டயமோ பட்டமோ பெற்று தகுதித் தேர்வும் எழுதவேண்டும் என்றிருக்க, கல்லூரி இரண்டாமாண்டு மாணவரிடம் வகுப்பை ஒப்படைப்பதுதான் தவறு. ஆசிரியர் அறையில் இருக்கட்டும், பாடம் அவருடையதாக இருக்கட்டும், வந்தவர் அவர் சொன்னதைச் செய்யட்டும். ஒவ்வொரு குழுவும் ஏ, பி, சி, டியிலிருந்தே தொடங்கினால் பிள்ளைகள் ஆண்டு முழுக்க அதே இடத்தில்தான் நிற்பார்கள். போன குழு எங்கே விட்டது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்காத பள்ளி, அடுத்த குழுவை அழைக்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒன்று உண்டு. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியில் வசிக்கும் பெண்கள். பிள்ளை வராவிட்டால் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அந்த வேலையை விமானத்தில் வருகிறவர் செய்ய முடியாது.

வெளிநாட்டாரிடம் மட்டும் கண்டிப்பாக இருப்பதும் நியாயமில்லை. பிறந்தநாளுக்கும் திதிக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு இல்லத்துக்குப் போய், பிள்ளைகளை நிற்கவைத்துப் படமெடுப்பது நம் வழக்கம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் முகாம் நாளில் ஒரு வேளை போய் வருகிறார்கள். போவது உள்ளூர்க்காரர் என்பதால் பிள்ளைக்கு அது வேறாகத் தெரிவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. வாட்ஸ்அப் நிலைத்தகவலில் அந்த முகங்களைப் போடுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உதவ நினைப்பவருக்கு வேறு வழி உண்டு. பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாய். போக வர விமானக் கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாணவரின் பயணச்செலவு ஒரு பிள்ளையை 25 மாதம் தாயிடமோ பாட்டியிடமோ வைத்திருக்கப் போதும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆவது பிரிவு தனிநபர் ஆதரவுக்கும் இடம் தருகிறது. பிறந்தநாள் பிரியாணிக்கு ஒதுக்கும் பணத்தோடு, திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நாடி, இதற்கு என்ன வழி என்று கேட்கலாம்.