ஒரே நாளில் எருவா?

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் விடுதிகளும் பெரிய குடியிருப்புகளும் ஈரக்கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னபின், ‘24 மணி நேரத்தில் உரம்’ தரும் இயந்திரங்கள் பரவிவிட்டன. அவற்றால் பயன் உண்டு: நாற்றம் அடங்குகிறது, எடை வெகுவாகக் குறைகிறது, சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக்கிடங்குகளுக்குப் போகும் சுமை குறைகிறது. ஆனால் வெளியே வரும் பழுப்புத் தூளை உரம் என்பதை ஏற்க முடியாது. அது அரைத்து, சூடேற்றி, உலர்த்திய சோறும் காய்கறித் தோலும்தான். மட்குவது நுண்ணுயிர்களின் வேலை. குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, பின் வாரக்கணக்கில் ஆறி முதிர வேண்டும். இயந்திரம் ஈரத்தை எடுத்து அந்த வேலையை நிறுத்திவைக்கிறது, முடிப்பதில்லை. தொட்டியில் இட்டு நீர் ஊற்றியதும் அழுகல் மீண்டும் தொடங்கும். வேருக்கு வேண்டிய ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் பறித்துக்கொள்ளும். அசெட்டிக் அமிலமும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கும். பச்சைச் சாணம் சூடு என்று உழவர்கள் ஒதுக்குவது வீண் அச்சமல்ல.

ஆய்வகச் சான்று இருக்கிறதே என்பார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்தில் ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கு வரம்பு கட்டியிருக்கிறது, நல்லதுதான். முதிர்ச்சிக்கு அது நம்பியிருப்பது கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை: 20க்குள் இருக்க வேண்டும். வைக்கோலுக்கு அது பொருந்தும். 60க்கு மேல் தொடங்கும் விகிதம் மட்கினால்தான் இறங்கும். உணவுக்கழிவோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே 20ஐ ஒட்டி நிற்கிறது. ஒரு நாளும் மட்காத சோறு தேறிவிடும் தேர்வு எதை அளக்கிறது? செடியைக் கேட்காத சான்று செடிக்கு உதவாது.

கேட்கும் வழி 1981இலேயே வந்துவிட்டது. சுக்கோனியும் உடன் ஆய்ந்தவர்களும் உரச்சாற்றில் விதை முளைக்கவிட்டு, முளைப்பையும் வேர்நீளத்தையும் வெறும் நீரில் முளைத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். விதைக்கு விதை முடிவு மாறுகிறது என்ற மறுப்பு உண்மையே. பயறு தன் பருப்பிலேயே உணவு வைத்திருப்பதால் தாங்கிவிடும். முள்ளங்கியும் கீரையும் தாங்கா. ஆகவே சிறுவிதையைத் தேர்ந்து விதியில் எழுதலாம். சோதனையையே கைவிடுவதற்கு அது காரணமாகாது. பதினைந்து நாள் ஆறவைத்தால் சரியாகும் என்கிறார்கள் விற்பவர்கள். அப்படியென்றால் எருவாக்குவது அந்த நாட்கள்தான். அதற்கு ஈரமும் காற்றும் கிளறலும் இடமும் வேண்டும். விளம்பரம் இவை எதையும் சொல்வதில்லை. ஒரு தட்டு, வடிதாள், முள்ளங்கி விதை, மூன்று நாள்: மூட்டை தோட்டத்துக்குப் போகுமுன் இவ்வளவுதான் தேவை.