வெஸ்டாவுக்கு ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம்?

சிறுகோள்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரு அட்டவணை இருக்கும். வெஸ்டா என்றால்: சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 2.36 வானியல் அலகு, சூரியனைச் சுற்ற 3.63 ஆண்டு, தன்னைத்தானே சுற்ற 5 மணி 20 நிமிடம். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் டைனோசர் வந்துவிடும்.

எண்களில் தப்பில்லை. ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று யாரும் சொல்வதில்லையே, அதுதான் என் குறை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த எண்கள் வந்த வழி வேறு வேறு.

1807 மார்ச் 29 அன்று ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து ஓல்பர்ஸ் வெஸ்டாவைக் கண்டுபிடித்தார். விண்மீன்களுக்கு நடுவே அது எந்த நாளில் எங்கே இருக்கிறது என்று சில இரவுகள் குறித்தாலே போதும், பாதையைக் கணக்கிட்டுவிடலாம். அதற்கான முறையை கௌஸ் 1801-லேயே சீரிஸுக்காக உருவாக்கியிருந்தார். தொலைவு தெரிந்தால் கெப்ளர் விதிப்படி ஆண்டும் தெரிந்துவிடும். 2.36-ஐ மும்மடி ஆக்கி, வர்க்கமூலம் எடுங்கள், 3.63 வரும். நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

தற்சுழற்சி அப்படிச் சுலபமா சிக்கவில்லை. சாதாரணத் தொலைநோக்கியில் வெஸ்டா வெறும் ஒளிப்புள்ளி. சுழல்வது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் கொஞ்சம் கூடிக் குறைவது மட்டும்தான் தெரியும். அந்த ஏற்ற இறக்கம் 5 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அப்போ அதுதான் ஒரு நாளா?

அங்கேதான் சிக்கல். உருளைக்கிழங்கு மாதிரி நீண்ட கல் என்றால், ஒரு சுற்றுக்குள் அதன் அகலப் பக்கம் இரண்டு முறை நம்மைப் பார்க்கும். வெளிச்சமும் இரண்டு முறை உச்சம் தொடும். அப்படியானால் ஒரு நாள் 10 மணி 41 நிமிடம். உருண்டைக் கல்லில் ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி கறுப்பாகவும் இருந்தால், சுற்றுக்கு ஒரே உச்சம்தான். இந்த இரண்டில் எது என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. வெஸ்டாவின் மேற்பரப்பையே பார்க்கும் அளவுக்குக் கருவிகள் வளர்ந்த பிறகு விடை உறுதியானது. 2011-ல் அங்கே போய்ச் சேர்ந்த டான் விண்கலம் அதன் அளவை 573 × 557 × 446 கி.மீ. என்று காட்டியது. நடுப்பகுதி கிட்டத்தட்ட வட்டம். வெளிச்சம் மாறுவதற்கு முக்கியக் காரணம் மேற்பரப்பின் வெளுப்பும் கறுப்பும்தான்.

இந்தக் கதையை விட்டுவிட்டு 5 மணி 20 நிமிடம் என்று மட்டும் எழுதினால், படிக்கிற பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய ஒரு எண் கிடைக்கும். நாளைக்கு வேறொரு சிறுகோளின் எண் திருத்தப்படும்போது, "இவங்க மாத்தி மாத்தித்தான் சொல்வாங்க" என்று அதே பிள்ளை சலித்துக்கொள்ளும். சந்தேகம் எப்படித் தீர்ந்தது என்று பார்த்த பிள்ளைக்கு அந்தத் திருத்தம் புரியும்.

அறிவியல் எழுதும் நண்பர்களே, அட்டவணை இருக்கட்டும். அதில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் டைனோசரை எடுத்துடுங்க.