'எல்லாவற்றுக்கும் பொருந்தும்': பெட்டி சொல்வது மெய்தானா?

படப்பைக் கடைத்தெருவில் ஒரு மின்விளக்கு வாங்குகிறீர்கள். வீட்டிலுள்ள ஹோல்டரில் அது பொருந்துமா என்று அளந்து பார்த்தா வாங்குகிறீர்கள்? இல்லை. இரு முளைகள் கொண்ட பல்பின் உலோகக் கழுத்து 22 மி.மீ. விட்டம் என்று வரையறுத்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி பல்பும் எந்தக் கம்பெனி ஹோல்டரிலும் உட்காரும். தர நிர்ணயம் என்பதன் பயன் இதுதான்.

கம்ப்யூட்டரிலும் இத்தகைய ஒழுங்கு பல இடங்களில் உண்டு. மதர்போர்டைக் கேபினெட்டில் முடுக்கும் திருகுத் துளைகள் எங்கெங்கே இருக்கவேண்டும் என்பதை, 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறை கூறிவிட்டது. ஆனால் பிராசஸரின் தலைமேல் அமர்ந்து அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்குக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை. அதன் பெட்டியின் மேல் 'எல்லா சாக்கெட்டுகளுக்கும் பொருந்தும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கும் வழக்கத்தைச் சற்று ஆராய்வோம்.

முதலில் துளைகளை நோக்குவோம். இன்டெல் பிராசஸர்களுக்கான மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றி நான்கு துளைகள் சதுரமாக அமைந்திருக்கும். 2004-இல் வந்த எல்.ஜி.ஏ. 775-இல் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி 72 மி.மீ. 2009-இல் வந்த 1156 முதல் 2020-இல் வந்த 1200 வரை 75 மி.மீ. 2021-இல் வந்த 1700-இல் 78 மி.மீ. மூன்று மி.மீ. தானே என்று எண்ணவேண்டாம். 75 மி.மீ. இடைவெளிக்கெனச் செய்த நான்கு ஊசிகள் 78 மி.மீ. துளைகளில் இறங்கமாட்டா. அது மட்டுமன்று, 1700-இல் பிராசஸரின் மேற்பரப்பும் முன்னதைவிட ஒரு மி.மீ. அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிட்டது. எப்படியோ கால்களை அகட்டி மாட்டிவிட்டாலும், அழுத்தம் குறைந்து நடுவே காற்று புகும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே.

இதற்காக இன்டெலை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பழைய பிராசஸர் 37.5 மி.மீ. சதுரம், புதியதோ 45 மி.மீ. நீளமுள்ள நீள்சதுரம். சில்லு பெரிதானால் துளைகளும் விலகத்தான் வேண்டும். எனினும், மாற்றத்தின்போது பழைய வாடிக்கையாளரை மறக்காமலிருக்க வழி உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம். 4-இல் வைத்த 54-க்கு 90 மி.மீ. துளை அளவையே 2022-இல் வந்த ஏ.எம். 5-லும் வைத்துக்கொண்டது. அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ.எம். 5-இல் போர்டின் பின்புறத் தகடு சாக்கெட்டோடு சேர்த்து முடுக்கப்பட்டது; அதைக் கழற்ற இயலாது. ஆகவே தனக்கென ஒரு பின்தகட்டைக் கொண்டுவரும் பழைய ஹீட்சிங்குகள் அதில் ஏறமாட்டா. துளை ஒன்றே, பெயரும் ஏறக்குறைய ஒன்றே, ஆயினும் பொருந்தவில்லை!

துளை பொருந்தினால் வேலை முடிந்ததா? அடுத்தது உயரம். கோபுரம் போல நிற்கும் ஹீட்சிங்குகள் 155 முதல் 165 மி.மீ. வரை உயர்ந்தவை. ஒடுக்கமான கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. பக்கத்தில் நிற்கும் ராம் பலகையையும் கவனிக்கவேண்டும். சாதாரண ராம் சுமார் 31 மி.மீ. உயரமே, அலங்காரத் தகடு போர்த்தியது 40 மி.மீ.-க்கு மேலும் போகும். ஹீட்சிங்கின் ஃபேன் அதன்மேல் முட்டும். இந்த அளவுகளைப் பெட்டியில் பெரும்பாலும் தேடித்தான் பார்க்கவேண்டும். பெயர்ப் பட்டியல் மட்டும் முன்னால் நிற்கும்.

எல்லாவற்றினும் பெரிய குறை வெப்பத்தைப் பற்றிய விளம்பரம். '150 வாட் தாங்கும்' என்கிறது பெட்டி. எந்த வெப்பநிலையில் தாங்கும்? அதைச் சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பதே விஞ்ஞான முறை. வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 வாட் வெப்பம் வந்தால் அதன் அடிப்பகுதி சுற்றியுள்ள காற்றைவிட 30 டிகிரி சூடாகும். குளிர்பதனம் செய்த 22 டிகிரி அறையில் அது 52. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 38 டிகிரி அறையில் அதுவே 68. உள்ளே இருக்கும் சில்லு அதனினும் சூடாக இருக்கும். குளிர்ந்த நாட்டு எண்ணை நம்மூர் அறைக்கு அப்படியே நம்பிவிடலாகாது.

பிராசஸரின் பெட்டியும் இதற்குத் துணைபோகிறது. இன்டெல் ஐ5-12400-இன் அடிப்படை அளவு 65 வாட். முழு வேகத்தில் ஓடுகையில் உச்ச அளவு 117 வாட். முன்னதை மட்டும் பார்த்துச் சிறிய ஹீட்சிங்க் வாங்கியவரின் பிராசஸர் எரிந்துபோகாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு எட்டாமலே போகும். காரணமும் புலப்படாது.

இதில் நட்டம் யாருக்கு? படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம் வந்து, மின்சார ரயில் ஏறி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகும் மாணவருக்கு. பொருந்தாவிட்டால் ஒரு நாளும் பயணச் செலவும் போயிற்று. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்காத கடையானால் பொருளின் விலையும் போயிற்று. வலிந்து அழுத்தி மாட்டப்போய் மதர்போர்டு வளைந்தால், ஹீட்சிங்கைவிடப் பன்மடங்கு விலையுள்ள பொருள் கெடும்.

செய்யமுடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் உயரம், ராமுக்கு விடும் இடம், பொருந்தும் மதர்போர்டுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அப்படியானால் மற்றவர்கள் ஏன் நான்கு எண்களைப் பெட்டியில் அச்சிடக்கூடாது? துளை இடைவெளி, மொத்த உயரம், ராமுக்கு விடும் இடம், வாட்டுக்கு ஏறும் டிகிரி: இவ்வளவே. எண்ணைப் படிக்க ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை.

அதுவரை, வாசகர்களே, ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டின் துளைகளை மையத்திலிருந்து மையத்துக்கு அளவிடுங்கள். பிராசஸரின் மேற்பரப்பிலிருந்து கேபினெட்டின் கதவு வரையுள்ள உயரத்தையும், ராமின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்தகடு கழலுமா என்று பாருங்கள். பிராசஸரின் உச்ச வாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, இந்த அளவுகளுக்குச் சரியானதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். பலர் இவ்வாறு கேட்கத் தொடங்கினால், அந்த எண்கள் பெட்டியின் மேல் தாமே வந்துசேரும்.